பிஸ்கட் பரமலிங்கம் சாப்பிட மறுத்த நாட்கள்

1

சனிக்கிழமை காலை ஏழு மணி பத்து நிமிடம். இரவு ஷிப்ட் முடித்து வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் முன்னறைக் கதவைத் திறந்தேன். முதலில் கண்ணில் பட்டது, பாம்புப் பெட்டியின் கண்ணாடியில் உட்பக்கமாக ஒட்டியிருந்த ஒரு செவ்வந்தி இதழ்.

வெளிப்பக்கம் ஒட்டியிருந்தால் அதில் செய்தி எதுவுமில்லை. உட்பக்கம் என்றால், யாரோ பூட்டைத் திறந்திருக்கிறார்கள்.

மற்றவற்றை அதன் பிறகுதான் கவனித்தேன். பெட்டிக்குள் பரப்பியிருந்த மரத்தூள் பால் பட்டுக் கட்டி கட்டியாக இருந்தது. தண்ணீர்ச் சட்டியின் விளிம்பில் குங்குமம். அறையில் சாம்பிராணி வாடை, அதற்கடியில் புளித்த பாலின் வாடை. பாம்பு ஒரு மூலையில் தன்னைத்தானே முடிச்சுப் போட்டுக்கொண்டு கிடந்தது. கண்ணாடியில் திரும்பத் திரும்ப இடித்ததில் மூக்கு நுனி சிவந்திருந்தது. நான் ஓரடி முன்னே வைத்ததும் கண்ணாடியை நோக்கிப் பாய்ந்து அடித்தது. அதற்கு முதல்நாள் வரை, காலையில் நான் வந்தால் நாக்கை நீட்டியபடி முன்னுக்கு வந்து பார்க்கும் பாம்பு அது.

அதன் பெயர் பிஸ்கட். என் மகள் ஆரணியின் பாம்பு. செம்மஞ்சள் உடம்பில் செங்கல் நிறத் திட்டுகள், கைத்தடி நீளம், நஞ்சில்லை. இந்த நாட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வளர்க்கிற இனம். ஆரணி இப்போது லீட்ஸில் படிக்கிறாள். அங்கே அவள் வாடகைக்கு இருக்கும் வீட்டில் பிராணிகளுக்கு அனுமதியில்லை. அதனால் பிஸ்கட் லண்டனில், நோர்பரியில், எங்களோடு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் அழைப்பாள். பிஸ்கட்டைப் பார்ப்பதற்குத்தான் அந்த அழைப்பு. போனைப் பிடித்துக்கொண்டிருக்கும் இரண்டு பேர் நாங்கள்.

சமைத்துக்கொண்டிருந்த மனைவி சுகந்தி குசினிக்குள்ளிருந்து வந்தாள்.

"அண்ணை ஒரு சின்னப் பூசை செய்தவர். நேற்று நாகசதுர்த்தி எல்லே."

"ஆர் பெட்டியைத் திறந்தது?"

"கத்தாதேங்கோ. அவர் மேல நித்திரை."

நான் கத்தவில்லை. என் வழக்கம் அதுவல்ல. கத்துகிறவர்கள் கத்தி முடித்ததும் விட்டுவிடுவார்கள்.

2

சுகந்தியின் தமையனார் தில்லைநாதன், இல்ஃபோர்டில் பெரிய வீடு வைத்திருக்கிறவர். அந்த வீட்டுச் சமையலறையை உடைத்துப் புதிதாகக் கட்டுகிறார்கள் என்று எங்கள் வீட்டில் வந்து தங்கியிருந்தார். அவர்களுடைய கோயில் திருவிழாவில் இந்த வருடம் அவர்தான் காப்புக் கட்டுவதாக இருந்தது. அதற்காக விரதம். மரக்கறிச் சாப்பாடு, அதுவும் சுகந்தியின் கையால் மட்டும். அவர் வருவதற்கு முன்னரே முட்டைக் கோப்பைகளைக்கூட அவள் சாக்கில் கட்டிக் கராஜுக்குள் வைத்துவிட்டாள்.

நடந்ததற்கு வீடியோ இருந்தது. அதைக் கோயில்காரரின் வாட்ஸப் குழுவில் அவரே போட்டிருந்தார். நான் அதை ஒலியோடு ஒரு தரமும் ஒலியில்லாமல் ஒரு தரமும் பார்த்தேன். யாழ்ப்பாணத்தில் பத்திரிகையில் உதவி ஆசிரியராக இருந்த காலத்தில் பழகியது இது: சத்தத்தை எடுத்துவிட்டால் யார் என்ன செய்கிறார்கள் என்பது தெளிவாகத் தெரியும்.

ஒலியில்லாமல் நான் கண்டது: பட்டு வேட்டி கட்டிய ஒருவர் மேலிருந்து கையை விட்டுப் பாம்பைக் கழுத்தடியில் பிடித்துத் தூக்குகிறார். ஒரு பித்தளைச் செம்பிலிருந்து அதன் தலையில் பால் ஊற்றுகிறார். ஒரு பெண் மஞ்சள் தூவுகிறார். ஒருவர் சாம்பிராணித் தட்டை முகத்துக்கு நேரே காட்டுகிறார். போன் வெளிச்சங்கள். பாம்பின் வால் நடுங்குகிறது, உடம்பு கொக்கி போல வளைகிறது. பயந்த பாம்பு அப்படித்தான் வளையும்.

ஒலியோடு கேட்டது: "பாருங்கோ, படம் எடுக்கப் பாக்கிறார்!" "அண்ணை, குடிக்கிறார், குடிக்கிறார்!" பிறகு தில்லை அண்ணையின் குரல்: "எங்கட வீட்டுக்கு வந்திருக்கிறார் எண்டால் சும்மாவே?"

கீழே அவர் எழுதியிருந்த வாசகம்: லண்டனில் பால் அருந்திய நாகதம்பிரான். அதில் இருந்த தகவல்கள் மூன்று. லண்டன் என்பது மட்டும் சரி. ஊரில் புற்றுக்குப் பால் வைப்பார்கள்; பாம்பு அதை வந்து குடித்ததா என்று யாரும் நின்று பார்ப்பதில்லை. இங்கே வைப்பதற்குப் புற்று இல்லை. கையில் அகப்பட்ட அமெரிக்கச் சோளக்காட்டுப் பாம்பின் தலையில் ஊற்றிவிட்டார்கள்.

அவர் எழும்பி வந்ததும் கேட்டேன். "அண்ணை, அது பயந்துபோச்சு."

"சும்மா இரும் தம்பி. தெய்வம் பயப்பிடுமே?" என்றார். பிறகு சுகந்தியைப் பார்த்து, "பிள்ளை, பால் தேத்தண்ணி ஒண்டு போடு" என்றார்.

3

மிருக வைத்தியசாலையில் பதிவு செய்யும்போது பிராணியின் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கேட்டார்கள். இந்த நாட்டில் எனக்குக் குடும்பப்பெயராக இருப்பது என் தகப்பனாரின் பெயர். வந்த புதிதில் ஓர் அதிகாரி அப்படி எழுதிக்கொண்டார். அதன் பிறகு வரி, வங்கி, வைத்தியம் எல்லாவற்றுக்கும் கடிதங்கள் என் தகப்பனாருக்கே வருகின்றன. பாம்பைக் கண்டால் அடுத்த ஒழுங்கையால் சுற்றிப் போகிறவர் அவர். இப்போது, நாய்களும் பூனைகளும் நிறைந்த காத்திருப்பு அறையில், தாதி உரத்த குரலில் கூப்பிட்டார்: "பிஸ்கட் பரமலிங்கம்?"

நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன்.

வைத்தியர் ஓர் இளம் பெண். ஈரத்துணி ஒன்றைப் பாம்பின் உடம்பில் வைத்து, அதன்மேல் குழாயை வைத்து மூச்சுக் கேட்டார். வாயைத் திறந்து பார்த்தார். செதில்களுக்கிடையில் காய்ந்திருந்த பாலை வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவினார்.

"யார் பால் ஊற்றியது?"

"மனைவியின் சகோதரர்."

"ஏன்?"

அதற்கு என்னிடம் நீண்ட பதில் இருந்தது. "கும்பிடுவதற்காக" என்று மட்டும் சொன்னேன். அவர் சற்று யோசித்துவிட்டு, கணினியில், புகையும் பாற்பொருளும் பட்டது என்று பதிந்தார். நல்ல நிருபர் எழுதும் வசனம் அது.

அவர் சொன்னவை எளிமையானவை. நுரையீரல் இப்போதைக்குச் சரி. மூச்சில் இரைச்சலோ குமிழியோ வந்தால் உடனே கொண்டுவர வேண்டும். தொடக் கூடாது. பார்க்க வருகிறவர்களை விடக் கூடாது. பெட்டியை மூடி, ஒளிவதற்கு இடம் கொடுக்க வேண்டும். சில நாள் கழித்துச் சாப்பாடு வைத்துப் பார்க்க வேண்டும். "அது கோபமாக இல்லை, பயந்திருக்கிறது. பயத்தைத் துரத்த முடியாது. காத்திருக்கத்தான் வேண்டும்."

ஞாயிறு ஆரணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை. கேள்விகள்தான் கேட்டாள்.

"மாமா ஸ்டில் அங்கயா இருக்கிறார்?"

"ஓம்."

"அப்பா, ஐ மீன் இட். அவன் சாப்பிடாட்டி செத்துப்போவான். நான் செப்டெம்பர் முடிவில வாறன். அவன் இப்பிடியே இருந்தால் கொண்டுபோறன். இங்க ஒரு ஃப்ரெண்ட் எடுப்பா."

சுகந்தி என் தோளுக்கு மேலாகக் குனிந்து கேட்டாள். "அப்ப ஞாயிறு?"

"என்ன ஞாயிறு?" என்றாள் ஆரணி. அவளுக்கு உண்மையாகவே விளங்கவில்லை.

அழைப்பு முடிந்த பிறகு சுகந்தி நெடுநேரம் கையில் போனை வைத்துக்கொண்டிருந்தாள். தமையனைப் போகச் சொல் என்றேன். "என்னால ஏலாது" என்றாள். "நாங்கள் வந்த முதல் வருசம் அவற்ற வீட்டிலதானே கிடந்தனாங்கள்."

அந்த வருடத்தை அவளைவிட நான் நன்றாக நினைவில் வைத்திருக்கிறேன்.

4

இல்ஃபோர்டில் அவர் எங்களுக்குத் தந்தது மாடியிலிருந்த சின்ன அறை. அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வரும்வரை நான் வேலை செய்ய முடியாது. வார இறுதியில் விருந்தினர் வருவார்கள். சாப்பாடு முடிந்ததும் கீழேயிருந்து குரல் வரும்: "தம்பி, ஒருக்கா இறங்கி வாரும்!"

இறங்கிப் போவேன். "இவர்தான் எங்கட பத்திரிகைக்காரர். பங்கருக்குள்ள இருந்து பேப்பர் அடிச்சவர். சொல்லும், அந்த ஷெல் விழுந்த கதையைச் சொல்லும்." சொல்வேன். என் தோளில் ஷெல் துண்டு பட்ட தழும்பு ஒன்று இருக்கிறது. "சேட்டைக் கழட்டிக் காட்டும்" என்பார். சட்டையைக் கழற்றுவேன். பெண்கள் "ஐயோ" என்பார்கள். யாராவது ஒருவர் கிட்ட வந்து விரலால் தொட்டுப் பார்ப்பார். பிறகு பாயசம் வரும். எனக்கும் ஒரு கிண்ணம் வைப்பார்கள். நான் அதைச் சாப்பிட்டதில்லை.

உள்நாட்டு அமைச்சின் அதிகாரியும் அதே தழும்பைப் பார்த்தார். அவர் முதலில் அனுமதி கேட்டார்.

அந்த வருடம் நான் மெலிந்தேன். குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று சுகந்தி நினைத்தாள். மாடிப்படியில் யாராவது ஏறும் சத்தம் கேட்டால் கதவுக்குப் பின்னால் போய் நிற்பேன். தில்லை அண்ணை கெட்டவர் அல்ல என்று எல்லாரும் சொல்கிறார்கள். சோறு போட்டார், சட்டத்தரணியிடம் கூட்டிக்கொண்டு போனார். அவை உண்மை. நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த வீடியோவில் பாம்பைக் கழுத்தடியில் பிடித்த கையை எனக்கு அடையாளம் தெரிந்தது. என்னை விருந்தினரின் பக்கம் திருப்பிவிடும் கை அது.

5

ஆகவே ஒரே நேரத்தில் இரண்டு வேலைகள் தொடங்கினேன். ஒன்று பாம்பைத் தேற்றுவது. மற்றது தில்லை அண்ணைக்குத் திருப்பிக் கொடுப்பது.

கண்ணாடியின் மூன்று பக்கமும் கடைகளில் சும்மா தரும் தமிழ்ப் பத்திரிகைகளை ஒட்டினேன். முன்பக்கம் ஒரு குளியல் துவாயைத் தொங்கவிட்டேன். சூடான பக்கத்தில் ஒன்று, குளிர்ந்த பக்கத்தில் ஒன்று என இரண்டு ஒளிவிடங்கள் வைத்தேன். ஒளிவிடம் ஒடுக்கமாக இருக்க வேண்டும். உடம்பு நாலு பக்கமும் முட்டினால்தான் பாம்புக்கு நிம்மதி. முன்னறைக் கதவுக்குப் புதுப் பூட்டு வாங்கிப் போட்டேன். "வீட்டுக்குள்ள வங்கியே நடத்துறீர்?" என்று தில்லை அண்ணை கேட்டார். "ஓம் அண்ணை" என்றேன்.

ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போக முன்னர், அதே நேரம், அதே கதிரையில், பெட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பார்க்காமல் இருப்பதுதான் முதல் பாடம். பழிவாங்கலை யோசிப்பதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. அசையக் கூடாது, பெருமூச்சு விடக் கூடாது, எழுந்து நடக்கக் கூடாது. மனதில் எத்தனையோ தலைப்புகள் எழுதி எழுதி அடித்தேன்.

கிடைத்த திட்டம் மிகச் சுருக்கமானது. பயந்திருக்கும் பாம்பை மேலிருந்து பிடிக்கப் போனால் அது கடிக்கும். கடித்தால் ஊசி குத்தியதுபோல ஒரு வரி இரத்தப் புள்ளிகள், வேறொன்றுமில்லை. ஆனால் கடிபடுகிறவர் அலறுவார். தில்லை அண்ணை இன்னொரு தரம் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வருவார் என்பது எனக்கு நிச்சயம். போன்கள் எல்லாம் உயர்ந்திருக்கும். நான் செய்ய வேண்டியது கதவைத் திறந்துவிடுவது மட்டும்.

என்னையும் அது கடித்தது. தண்ணீர் மாற்றக் கை விட்டபோது. கையை இழுத்தால் அதன் பல் முறியும் என்று வாசித்திருந்தேன். இழுக்கவில்லை. அது தானாக விட்டது. அடுத்த நாளும் அதே நேரம் தண்ணீர் மாற்றினேன்.

வைத்தியர் சொன்ன இடைவெளிக்குப் பிறகு எலி வைத்தேன். பாம்புக்கான எலி உறைந்த நிலையில் கடையில் கிடைக்கிறது. அதை ஓர் ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் போட்டு, டேப் சுற்றி, பிரீஸரின் அடித்தட்டில் வைத்திருக்கிறோம். மேல்தட்டுகளில் தில்லை அண்ணைக்கான பலாக்காய், முருங்கைக்காய், துருவிய தேங்காய். பாம்புக்கு என்ன சாப்பாடு என்று அவர் ஒருமுறை கேட்டபோது சுகந்தி, "கடைச் சாப்பாடு" என்று சொல்லிச் சமாளித்தாள். அவர் பாலும் முட்டையும் என்று வைத்துக்கொண்டார். எலியை வெந்நீரில் இளக்கி, இடுக்கியால் பிடித்துக் காட்டினேன். பிஸ்கட் பின்வாங்கியது. அடுத்த முறையும் அப்படித்தான். விலா எலும்புகள் தெரியத் தொடங்கின.

நான் அணிந்த பனியன் ஒன்றைப் பெட்டியின் ஒரு மூலையில் போட்டேன். சில நாளில் அதன் மடிப்புக்குள் போய்ச் சுருண்டு கிடந்தது. பிறகு கையைப் பக்கவாட்டில், தரையோடு தரையாக வைத்துவிட்டுச் சும்மா இருந்தேன். ஒருநாள் தலையை நீட்டியது. ஒருநாள் நாக்கு விரலில் பட்டது. வேகமாக அல்ல, மெதுவாக, வாசிக்கிறவரைப் போல.

செப்டெம்பர் நடுப்பகுதியில் தில்லை அண்ணை சொன்னார்: "தம்பி, வெள்ளிக்கிழமை பின்னேரம் சனம் கொஞ்சம் வருது. அவரைத் தரிசிக்க. நீர் வேலைக்குப் போக முன்னம் கதவைத் திறந்துவிட்டால் காணும்."

"ஓம் அண்ணை, வரச் சொல்லுங்கோ."

அவ்வளவு இலகுவாக நான் ஒத்துக்கொண்டதைப் பார்த்துச் சுகந்தி பயந்துவிட்டாள்.

6

அந்த வெள்ளிக்கிழமை காலை, வேலை முடிந்து வந்து பெட்டிக்குள் கையை வைத்திருந்தபோது, பிஸ்கட் துவாயின் பின்னாலிருந்து வந்து, என் உள்ளங்கையில் ஏறி, மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டு நின்றது. நான் கூப்பிடவில்லை. அதன் கழுத்தடி என் நாடித்துடிப்பின் மேல் கிடந்தது. கொஞ்ச நேரத்தில் தானாகவே திரும்பிப் போனது.

என் திட்டம் அந்த இடத்தில் முடிந்துவிட்டது. தில்லை அண்ணையைக் கடிக்க வைப்பதென்றால், அன்று அவர் என்னைக் கூப்பிட்டதுபோல நானும் அதை விருந்தினர் முன் இறங்கி வா என்று கூப்பிட வேண்டும். கடித்த பிறகு அது இன்னொரு தரம் என் கைக்கு வராது. மன்னிப்பு என்று யாரும் எண்ண வேண்டாம். ஆயுதத்தை மாற்றினேன், ஆளை மாற்றவில்லை.

பின்னேரம் முன்னறையைப் பூட்டித் திறப்பைச் சட்டைப் பையில் போட்டேன். வந்தவர்கள் பூத்தட்டும் செம்புமாகக் குசினிக்குள்தான் நிற்க வேண்டியிருந்தது. கோயில் சபையில் மூத்தவர் பரிமளம் அக்கா. அவருக்கு மட்டும் கதிரை. குசினி யன்னலடியில் ஒரு கண்ணாடிச் சாடியில் வெந்நீரும், அதற்குள் ஓர் எலியும். சாடியை நான் எப்போதும் வைக்கும் இடம் அதுதான். நேரத்தைத் தெரிவு செய்தவனும் நான்தான்.

"எங்க தம்பி அவர்?" என்றார் தில்லை அண்ணை.

"உள்ளுக்கு. அண்டைக்கு எவ்வளவு பால் குடிச்சவர் அண்ணை?"

"ஒரு செம்பு. எல்லாரும் பாத்தவைதானே."

"சரியா ஒரு செம்போ?"

"முழுச் செம்பு."

"டொக்டர் அதைக் கழுவித் துடைச்சுத்தான் விட்டவ. வயித்துக்குள்ள ஒரு சொட்டும் போகேல்ல. புகை இன்னும் கொஞ்சம் பட்டிருந்தால் சுவாசப்பை போயிருக்குமாம். அண்டையில இருந்து அவர் சாப்பிடேல்ல."

பரிமளம் அக்கா யன்னலைப் பார்த்தார். "உதென்ன தம்பி, சாடிக்குள்ள?"

"அவற்ற சாப்பாடு அக்கா. எலி."

பூத்தட்டு வைத்திருந்த பெண் பின்னுக்குப் போனார்.

"வீட்டுக்குள்ளயோ வைச்சிருக்கிறியள்?"

"பிரீஸருக்குள்ள." திறந்து காட்டினேன். மேலே பலாக்காய், முருங்கைக்காய், தேங்காய்ப்பூ. கீழே டப்பா. "அண்ணை வந்த நாளில இருந்து அவற்ற சாமானும் இதுக்குள்ளதான்."

பரிமளம் அக்கா எட்டிப் பார்த்துவிட்டுக் கதிரையைப் பின்னுக்கு இழுத்தார். பிறகு பின்வரிசையில் நின்ற யாரோ, அடக்க முடியாமல்: "தில்லை அண்ணை, அப்ப உங்கட விரதம்?" ஒருவர் சிரித்தார். சிரிப்பு தொற்றியது. இரண்டு போன்கள் உயர்ந்தன.

தில்லை அண்ணை பிரீஸரைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார், தன் வயிற்றின் மேல் கையை வைத்தார். எல்லாரும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாடிக்குப் போகும் வழியை வந்தவர்கள் அடைத்துக்கொண்டு நின்றார்கள். முன்னறையின் திறப்பு என்னிடம் இருந்தது. நான் அவர் முகத்தை நிதானமாகப் பார்த்தேன். வேண்டிய அளவு பார்த்தேன்.

"காப்பு விசயத்தைச் சபையில கதைப்பம்" என்றார் பரிமளம் அக்கா, எழுந்தபடி.

அவர்கள் போன பிறகு தில்லை அண்ணை மாடியிலிருந்து பயணப் பெட்டியோடு இறங்கி வந்தார். "சோறு போட்ட வீட்டுக்கு நல்ல கைமாறு செய்தீர். நான் உமக்கு என்ன குறை வைச்சனான்?"

"சேட்டைக் கழட்டிக் காட்டட்டோ அண்ணை?"

"என்ன விசர்க் கதை கதைக்கிறீர்?"

அவருக்கு விளங்கவில்லை. நடிக்கவில்லை, அவருக்கு அப்படி ஒன்று நினைவிலேயே இல்லை. இவ்வளவு காலம் நான் சுமந்த பகைக்கு மறுபக்கத்தில் ஆளே இருந்ததில்லை. அன்றைய நாளில் எனக்குக் கிடைத்த ஒரே தோல்வி அதுதான். அதற்காக நான் எதையும் திருப்பி எடுக்கப் போவதில்லை.

டாக்ஸி போனதும் சுகந்தி குசினியைக் கழுவத் தொடங்கினாள். நான் வெந்நீரை மாற்றி எலியை மறுபடி சூடாக்கி, முன்னறையைத் திறந்து, துவாயைத் தூக்கினேன். இடுக்கியைப் பக்கவாட்டில் நீட்டினேன். பிஸ்கட் பார்த்தது. நாக்கு இரண்டு தரம் வந்து போனது. பிறகு எடுத்தது.

நான் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். சாப்பிடும்போது யாரும் பார்க்கக் கூடாது.

7

ஆரணி சொன்னபடி மாதக் கடைசியில் வந்தாள். பையைக் கூட வைக்காமல் முன்னறைக்குள் போய், கையைக் கீழே வைத்துக் காத்திருந்தாள். பிஸ்கட் அவள் சட்டைக் கைக்குள் ஏறித் தோளால் வெளியே வந்தது. அவள் விரலால் விலாவைத் தடவிப் பார்த்தாள்.

"ஹீஸ் ஓகே, அப்பா. இங்கயே இருக்கட்டும்."

சுகந்தி கதவடியில் நின்றாள். தமையன் போன நாளிலிருந்து அவள் என்னோடு கதைத்தது மிகக் குறைவு. காப்பை வேறொருவர் கட்டியதையும், கோயிலில் தில்லை அண்ணை தூண் ஓரமாக நின்றதையும் அவள் மகளுக்குச் சொல்லித்தான் நான் கேட்டேன்.

"எந்த நாள் சாப்பிட்டவன்?" என்று ஆரணி கேட்டாள்.

"வெள்ளிக்கிழமை" என்றேன்.

"அப்ப அந்த நாளையே மாத்தாமல் வைச்சிருங்கோ. அவனுக்கு ரூட்டீன் வேணும்."

"வெள்ளிக்கிழமையோ?" என்றாள் சுகந்தி. "வேற நாளே கிடைக்கேல்ல?"

ஆரணி தாயைப் பார்த்தாள். "ஏன் அம்மா, வெள்ளியில என்ன?"

சுகந்தி என்னைப் பார்த்தாள். நான் பெட்டியின் கண்ணாடியைப் பூட்டிக்கொண்டிருந்தேன்.

பிஸ்கட் ஒரு வெள்ளி விட்டு ஒரு வெள்ளி சாப்பிடுகிறது.